அஞ்சு ஸ்டார் போடுங்க, மேடம்!

போன் அலறியது.

"மேடம், ஷேரிங் கார்... ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியதான் நிக்கறேன். மலைப்பாதைக்கு ஒரு சீட், சரிதானே?"

"சரிதான்."

அவள் பையை மாட்டிக்கொண்டாள். உள்ளே தண்ணீர், தொப்பி, கணவரின் இறப்புச் சான்றிதழ்.

பத்தொன்பது நாளுக்கு முன்பு, இதே காரில், இதே மலையில் ஏறக் கிளம்பிப் போனார் அவள் கணவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மூன்றாம் நாள் பள்ளத்தில் பிணமாகக் கிடைத்தார்!

அன்றிலிருந்து அவள் அழவில்லை. ஆஸ்பத்திரி லேபில் தினமும் நாற்பது பேருக்கு ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள். இப்போது அவளையே யாராவது குத்தினாலும் உறைக்காது போலிருந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்குப் போனாள். எல்லாம் யாரோ செய்வது மாதிரி நடந்தது.

காருக்குள் எலுமிச்சை வாசனை. சீட்டுக்கு சீட் தண்ணீர் பாட்டில், சார்ஜர். டிரைவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முகமெல்லாம் பல்.

பின்சீட்டில் ஏற்கெனவே ஒருவர். மலை ஏறப் போகிறவர் மாதிரி இல்லை... மலை மாதிரியே இருந்தார்! காலில் விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புது ஷூ. முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு குறட்டையைத் தொடங்கியிருந்தார்.

அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஏசி போதுமா மேடம்?"

"போதும் தம்பி."

"இறங்கறப்ப மறக்காம அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க. அதுதான் நமக்கு சோறு."

ஸ்டீயரிங்கில் இருந்த அவன் கைகளையே பார்த்தாள். வெறுப்புகூட வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

போலீஸ் இவனைப் போனிலேயே விசாரித்தது. ஏழு மணிக்கு இறக்கிவிட்டேன், மேலே ஏறிப் போனார் என்றான். கால் வழுக்கி விழுந்தார், போன் ஆற்றோடு போனது என்று ஃபைலை மூடினார்கள். அவள் தன் சந்தேகத்தைச் சொன்னபோது இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"ஸ்டார் எல்லாம் சாட்சி ஆகாதும்மா!"

அதனால்தான் இவன் காரையே தேடிப் பிடித்து புக் செய்து வந்தாள். என்ன நடந்தது என்று இவன் வாயாலேயே கேட்டுவிட வேண்டும். அப்புறம் அவள் உயிர் இருந்தால் என்ன, போனால் என்ன!

கார் வளைந்து வளைந்து ஏறியது.

"இனிமே சிக்னல் இருக்காது மேடம். யார்கிட்டயாவது பேசணும்னா இப்பவே பேசிடுங்க."

"பேசறதுக்கு யாரும் இல்ல."

கடைசி வளைவு. முட்டியளவு கைப்பிடிச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் பள்ளம். இந்தப் பக்கம் மலைப்பாதையின் தொடக்கம், துருப்பிடித்த பெயர்ப்பலகை. காலை ஏழு மணி. ஈ, காக்கா இல்லை.

கார் நின்றது.

"ஸ்டார் மேடம்..."

"சிக்னல் இல்லையே?"

"இப்ப அழுத்திடுங்க. கீழ டவுனுக்குப் போனதும் தானா போய்ச் சேர்ந்துடும்."

அவள் நிதானமாக அவன் பக்கம் திரும்பினாள்.

"அப்படியா? அப்ப மேல ஏறிப் போன கணக்கு வாத்தியாரோட அஞ்சு ஸ்டார், அன்னைக்கு ஒம்பதே முக்காலுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்துச்சு? அவர் மலையில... அவர் போன் மட்டும் டவுன்லயா?"

பல்லெல்லாம் மறைந்தது.

"நீ... நீங்க யாரு?"

"அவர் சம்சாரம். வீட்டு கம்ப்யூட்டர்ல அவரோட ஷேரிங் கார் கணக்கத் திறந்து பார்த்தேன். பதினேழு வருஷமா என் சமையலுக்கே அஞ்சுக்கு நாலுக்கு மேல போட்டதில்ல தம்பி அவர். உனக்கு முழு மார்க்கா?"

அவன் ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தினான்.

"மூணு போட்டார் மேடம்! வளைவுல வேகமாத் திருப்பினேனாம். அன்னைக்கு என் ரேட்டிங் சரியா நாலு. கீழ இறங்கினா ஐடி பிளாக், அப்புறம் வண்டியே ஓட்ட முடியாது. கெஞ்சினேன்... கால்ல விழுந்தேன். தப்புன்னா தப்புதான்னார். தள்ளிட்டேன்! அவர்கிட்ட பிடுங்கின போன் என் கையில இருந்துச்சு. மூணை அஞ்சாக்கி அனுப்பிட்டு ஆத்துல போட்டேன்."

கேட்டுவிட்டாள். இதற்காகத்தான் வந்தாள். உள்ளே ஒன்றுமே அசையவில்லை.

அவன் இறங்கி ஓடிவந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். சுவர் அவள் முட்டியில் இடித்தது.

"புருஷன் போன துக்கம் தாங்காம நீங்களும் குதிச்சுட்டீங்க... பொருத்தமாத்தானே இருக்கு?"

"பின்னால ஒருத்தர் இருக்காரே?"

"அந்தக் குண்டனா? இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்!"

குறட்டை நின்றிருந்தது.

அடுத்த நொடி டிரைவர் தரையில் குப்புறக் கிடந்தான். அவன் முதுகின்மேல் அந்தப் பெரிய மனிதர் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்!

"பயப்படாதீங்கம்மா. நான் இந்த ஷேரிங் கம்பெனி ஆள். பயணி மாதிரி ஏறி, டிரைவருங்களக் கண்காணிக்கிற வேலை."

"இவனை எதுக்கு..."

"நாலைத் தாண்டாத பையன். திடீர்னு பத்தொன்பது நாளா ஒருத்தர்கூட அஞ்சுக்குக் குறைச்சுப் போடல. மிரட்டி வாங்கறானோன்னு என்னை அனுப்பினாங்க. இவ்வளவு தூரம் போயிருப்பான்னு நினைக்கல." சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தட்டினார். "இது எழுதாது. நாம பேசினதெல்லாம் இதுக்குள்ள இருக்கு."

கீழேயிருந்து முனகல் வந்தது.

"பிளாக் பண்ணிடுவீங்கன்னுதான் சார்..."

"எந்தக் காலத்துல இருக்கே? நாலுக்குக் கீழ போனா பிளாக்குங்கற ரூல எடுத்து எட்டு மாசம் ஆச்சு. எல்லாருக்கும் மெயில் போட்டோமே!"

"மெயிலா? நான் அதெல்லாம் திறக்கறதே இல்ல சார்..."

அவள் மெல்லக் கேட்டாள். "அப்ப அவர் போட்ட மூணு..?"

"அப்படியே விட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதும்மா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முட்டி விண்ணென்று வலித்தது. வலி தெரிந்ததும், பத்தொன்பது நாளாக வராத அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாய்விட்டு அழுதாள்.

டிரைவர் மண்ணிலிருந்து தலையைத் தூக்கினான். "சார்... இப்ப என் ஐடி நம்பர் போயிடுமா?"

பெரிய மனிதர் இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"போனா போகட்டும்டா. புது நம்பர் தருவாங்க... சட்டையிலயே தைச்சு!"