ஸ்டோவர் வம்சத்தின் வேரெண்

மண்ணோதியின் துளைகுழாய் முக்கி முனகி இறங்கி, கரிந்த மண் தட்டியதும் நின்றது. செண்பகவல்லி மண்டியிட்டுத் திரையில் கண் வைத்தாள்.

"அடுப்பாங்கரைதான் அண்ணாச்சி. சாம்பல் வந்துட்டு."

"அப்பாடா!" என்று ஜெபசிங் குழாயை விட்டுவிட்டு இடுப்பை நிமிர்த்தினார். "நம்ம கரிசல்ல இந்நேரம் நாலு குழி போட்டிருக்கலாம். இது என்ன மண்ணு தாயி, அப்பிக்கிட்டு விடவே மாட்டேங்குது."

"விடாத மண்ணுதான் நமக்கு வேணும். ஆளுகளையும் அப்படித்தானே பிடிச்சு வச்சிருக்கும்?"

மண்ணோதியின் சங்கதியே அதுதான். மனிதன் புழங்கிய இடத்தில் வியர்வை சிந்துகிறது, தோல் உதிர்கிறது. அவற்றின் மரபணுத் துணுக்குகள் களிமண்ணில் ஒட்டி நூற்றாண்டுக் கணக்கில் உறங்குகின்றன. மண்ணோதி அவற்றை அடுக்கடுக்காக எழுப்பி, இன்னாருக்கு இன்னார் உறவு, இத்தனை வயதில் இங்கே இருந்தார் என்று ஓதிவிடும். இந்தக் கருவி வந்த பிறகு உலகமே வேர் பார்க்கக் கிளம்பிவிட்டது. ஒரே மண்ணில் எத்தனை தலைமுறை என்பது ஒருவருடைய வேரெண். சட்டைக் கழுத்தில் குத்தும் வில்லையில் அது மின்னிக்கொண்டே இருக்கும். கோவில்பட்டியில் பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தைத் தொடுவதற்கு முன் வேரெண்ணைத்தான் கேட்டார்கள். அமெரிக்காவில் ஒரு படி மேலே போய், வேரெண் பார்த்துத் திறக்கும் கதவுகளை ஊர் எல்லையிலேயே நட்டுவிட்டார்கள்.

ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே இருந்த ஸ்டோவர் பள்ளத்தாக்கிலும் அப்படியொரு வாயிற்காவலி நின்றது. கடல் ஏறிக் கரையோர நகரங்கள் மூழ்கிய பிறகும் தண்ணீர் வற்றாத பூமி அது. ஊரை இழந்து வந்தவர்கள் வாயிலுக்கு வெளியே கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். முதன்முதலில் அங்கே காடு திருத்திய ஏசா ஸ்டோவர், கெசியா ஸ்டோவர் தம்பதியின் ரத்தம் ஓடுகிறவர்களே ஊர்க்குடிகள், வேரெண்ணும் அந்த ரத்தவழியில் மட்டுமே எண்ணப்படும் என்பது ஸ்டோவர்களே எழுதிக்கொண்ட சட்டம். பழைய தேவாலயம் எரிந்து பிறப்புப் பதிவுகள் போய்விட்டதால், அந்தத் தம்பதியின் மரக்குடில் இருந்த மேட்டை மண்ணோதியிடம் ஒப்படைத்துவிட்டு, அதுவரை தற்காலிக வேரெண்ணோடு புழங்கினார்கள். ரத்த உறவு நிரூபணமானால் நாட்டிலேயே உயர்ந்த வேரெண் அவர்களுக்கு. முடிவைக் கொண்டாட, குழந்தை குட்டியோடு ஸ்டோவர் வம்சம் முழுவதும் வாயிலுக்கு வெளியே இருந்த சந்தைத் திடலில் கூடியிருந்தது. பள்ளத்தாக்குக்குள் மிஞ்சியவர்கள், கோவில்பட்டியிலிருந்து மண்ணோதியோடு வேலை அனுமதியில் வந்த இரண்டே பேர்: செண்பகவல்லியும் ஜெபசிங்கும்.

திரையில் அடுக்குகள் விரியத் தொடங்கின.

முதலில் ஓர் ஆண், ஒரு பெண். இருவரும் இருபதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு மேலே, இருவருக்கும் பிறந்த ஒரு கைக்குழந்தையின் தடம். அடுத்த அடுக்கில் அது இல்லை. இன்னொரு கைக்குழந்தை; அதுவும் அப்படியே நின்றுவிட்டது. அதன்பின் வெகுகாலம் அந்த இருவர் மட்டும்.

"ரெண்டும் தங்கல," என்றார் ஜெபசிங் மெதுவாக.

செண்பகவல்லி அடுத்த அடுக்கைத் திறந்தாள். திடீரென்று எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. ஏசாவுக்கும் கெசியாவுக்கும் எந்த உறவும் இல்லாதவள். பிறகு ஐரிஷ் வம்சத்துச் சிறுவன் ஒருவன். ஆப்பிரிக்க ரத்தத்தில் இரட்டையர். அந்த மண்ணின் ஆதிகுடிகளின் பிள்ளை ஒன்று. இரட்டையரைத் தவிர ஒருவருக்கொருவர் ஒட்டில்லை, உறவில்லை. ஆனால் எல்லோரும் அதே குடிலில் வளர்ந்து ஆளாகியிருந்தார்கள். இன்றைய ஸ்டோவர்கள் தந்திருந்த மாதிரிகளை மண்ணோதி ஒப்பிட்டது. ஒன்று பாக்கியில்லாமல் அத்தனை பேரும் இந்தப் பிள்ளைகளின் வழியில் வந்தவர்கள்.

அவள் தடங்களைத் தரைப்படமாக மாற்றிப் பார்த்தாள். 

"அண்ணாச்சி, இங்க பாருங்களேன். அடுப்பை ஒட்டி, கதகதப்பான இடம் பூராவும் பிள்ளைக படுத்திருக்கு. இவங்க ரெண்டு பேரும் கதவோரத்துல கிடந்திருக்காக. இந்த ஊர்ப் பனிக்காத்து உள்ள வாற இடத்துல."

ஜெபசிங் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

முடிவை அவள் கட்டைவிரல் வைத்து உறுதி செய்தால் அந்தக் கணமே அது பதிவகத்தில் ஏறிவிடும். விரலை வைக்காமல், ஸ்டோவர் குடும்பச் சங்கத்தின் தலைவி ஹேரியட் ஸ்டோவரைத் தொடர்புகொண்டாள். எழுபது வயதிலும் தானே உழுகிற மனுஷி ஹேரியட். தன் பாட்டன் பூட்டன் பெருமையை உழவுக்கு நடுவில்கூட நிறுத்திப் பேசுகிறவர். செண்பகவல்லி தன் மொழிச்செவியை ஊர்த் தமிழுக்குத் திருப்பி வைத்திருந்தாள். அதனால் ஹேரியட்டின் ஆங்கிலம் அவள் காதில் கோவில்பட்டிச் சந்தைப் பேச்சாக விழும்.

அவள் கண்டதையெல்லாம் சொன்னாள். திடலின் வாத்தியச் சத்தத்தை விட்டு விலகி வந்து ஹேரியட் கேட்டார்.

"அப்ப, எங்க உடம்புல அவுக ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லையா?"

"இல்லம்மா."

"அவுகளுக்குப் பிறந்த பிள்ளைக?"

"ரெண்டு பிறந்து, ரெண்டும் போயிட்டு. அதுக்குப் பெறகுதான் வாசல்ல வந்த பிள்ளைகளை எடுத்து வளர்த்திருக்காக. நான் இதை உறுதி செஞ்சா உங்க வேரெண் போயிரும். வேற குழி தோண்டணும்னு சொல்லி நாளைக் கடத்தலாம். நீங்கதான் சொல்லணும்."

 ஹேரியட்டின் குரலில் நடுக்கம் இல்லை.

"ஏ பிள்ள, தனக்குன்னு ஒண்ணும் தங்காதபோதும் ஊரான் பிள்ளைக்கு அடுப்போரத்தை விட்டுக் கொடுத்திருக்கா எங்க கெசியா. இதைவிட என்ன பட்டம் வேணும்? இதை மறைச்சா நான் அவ பேரை வச்சிக்கிட்டுத் திரிய லாயக்கில்ல. விரலை வை. திடலுக்கு நானே சொல்லுதேன்."

செண்பகவல்லி விரலை வைத்தாள்.

ஹேரியட் மேடையேறிச் சொன்னதை அவளும் ஜெபசிங்கும் திரையில் பார்த்தார்கள். முதலில் கூச்சல். ஒருவன் நாற்காலியை உதைத்தான். ஹேரியட் யாருக்கும் குரலைத் தாழ்த்தவில்லை. கதவோரத்தில் படுத்த இருவரைப் பற்றிச் சொன்னபோது கூச்சல் அடங்கியது. ஒரு கிழவர் எழுந்து நின்றார். பிறகு திடலே எழுந்து நின்றது. 'எங்க ஏசா, எங்க கெசியா' என்று அழுதுகொண்டே கை தட்டினார்கள். அத்தனை கழுத்துகளிலும் வில்லைகள் ஒவ்வொன்றாகப் பூஜ்யத்துக்கு இறங்கிக்கொண்டிருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

வீடு திரும்பும்போதுதான் கவனித்தார்கள். வாயிற்காவலி திறக்கவில்லை.

"நீங்கள் இவ்வூர்க்குடி அல்ல," என்றது அது, முதலில் வந்த குடும்பத்திடம். அடுத்து வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னது. அவர்களே எழுதிய சட்டம். ஓர் எழுத்து பிசகாமல் நிறைவேற்றியது. பூட்டைத் திறந்துவிட உள்ளே ஒரு குடியும் இல்லை. தூறல் வேறு விழுந்தது. கைக்குழந்தைக்காரிகள் செய்வதறியாது நிற்க, கூடாரத்து ஆட்கள் தார்ப்பாய்களை அவிழ்த்து அவர்கள் தலைக்கு மேல் இழுத்துக் கட்டினார்கள். முந்தின நாள்வரை ஒருவரையொருவர் ஏறிட்டும் பாராதவர்கள்.

செண்பகவல்லியின் காதில் ஹேரியட்டின் குரல் வந்தது. அதில் சிரிப்பும் கலந்திருந்தது.

"எங்க பூட்டு எங்களையே பூட்டிட்டு, தாயி. வழி ஏதாச்சும் தெரியுதா?"

ஜெபசிங்தான் யோசனை சொன்னார். "நான் எப்படி உள்ள வந்தேன்? உன் வேலை அனுமதியில உதவியாள்னுதானே? இன்னும் ஆள் சேர்த்துக்கிட ஏதும் தடை இருக்கா?"

எத்தனை உதவியாட்கள் என்பதற்குச் சட்டத்தில் வரம்பே இல்லை. கூலிக்காரர்களை யாராவது ஆயிரக்கணக்கில் கூப்பிடுவார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

இருவரும் வாயிலுக்கு ஓடினார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஹேரியட் தொப்பலாக நனைந்து, தலை நிமிர்ந்து நின்றிருந்தார்.

"உதவியாட்கள் யார்?" என்று வாயிற்காவலி செண்பகவல்லியிடம் கேட்டது.

அவள் வாய் திறப்பதற்குள் ஹேரியட் கம்பி வழியாக அவள் கையைப் பிடித்தார். "எங்க ஆளுகளை மட்டும் கூப்பிட்டுறாத. தார்ப்பாய்க்கு அடியில யாரு ஸ்டோவர், யாரு இல்லன்னு எனக்கே இப்பத் தெரியல. கெசியா பார்த்திருந்தா, கேட்டிருக்கவே மாட்டா."

"வெளியே நிக்கிற அத்தனை பேரும்," என்றாள் செண்பகவல்லி.

"என்ன வேலைக்கு?"

அவள் ஹேரியட்டைப் பார்த்தாள்.

"விதைப்புக்கு," என்றார் ஹேரியட். "மழை விழுந்துட்டே."

கதவு திறந்தது.

சட்டத்தை மாற்றி எழுத ஊர் கூடிப் பேசி முடிவதற்குள் அந்த விதைப்பும் முடிந்து அறுவடையும் வந்துவிட்டது. அதுவரை பள்ளத்தாக்கில் குடியிருந்த அத்தனை பேருடைய வில்லையிலும், வேரெண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வாசகம்தான் மின்னியது: 'கோவில்பட்டிச் செண்பகவல்லியின் உதவியாள்.' ஹேரியட் அதைத் தினமும் துடைத்துப் பளபளப்பாக்கி, எவர் கண்ணிலும் படும்படி குத்திக்கொண்டுதான் வயலுக்குப் போனார்.