சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று

வீட்டம்மா அன்று சொன்ன கதையில் ஒரு மொட்டைமாடி வந்தது. ஏழு வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது மாடியில் கிடந்த காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி ஒளிந்துகொண்டாளாம். உள்ளே அடித்த பாசி வாசனையும் வெயில் ஏறிய சிமெண்டின் சூடும் சுகமாக இருக்க, அப்படியே தூங்கிப்போனாளாம். தெருவே கூடித் தேடி, கடைசியில் அடி என்னவோ அக்காவுக்குத்தான் விழுந்ததாம். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். வாயாடியும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் உறுத்தியது. இந்த ஊரில் எந்த வீட்டுக்கும் மொட்டைமாடி கிடையாது. எல்லாம் சரிவான ஓட்டுக் கூரை. வருடத்தில் பாதி நாள் அதன்மேல் பனி. வீட்டம்மாவோ, பிறந்ததிலிருந்து இந்தத் தெருவை விட்டு எங்கேயும் குடியிருந்ததில்லை என்று முதல் நாளே பெருமையடித்துக்கொண்டவள்.

வாயாடி என்பது அக்கா வைத்த பெயர். பொருத்தமான பெயர்தான். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் குடும்பக் கதையை இறங்குவதற்குள் கறந்துவிட்டு, தன் கதையையும் கொட்டிவிட்டு இறங்குகிறவள். பல் செட் செய்யும் தொழில் கற்க, ஒன்பது வாரப் பயிற்சிக்கு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்தாள். இரண்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு இவர்கள் மொழியையும் படித்திருந்தாள். பயிற்சி நிலையமே ஒரு குடும்பத்தோடு தங்கவைத்தது. கையில் ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தது: அந்த வீட்டுப் பழக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும், வீட்டார் நல்லபடியாக எழுதிக்கொடுத்தால்தான் சான்றிதழ். அவளுக்கு அது பெரிய கஷ்டமாகப் படவில்லை. அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு "மாட்டேன்" என்று சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை.

வீட்டில் மூன்று பேர். வீட்டம்மா, மரத்தூள் வாசனையோடு வரும் தச்சரான அவள் கணவர், அப்புறம் அவர்கள் 'பெரியவள்' என்று கூப்பிடும் ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். தட்டு வைப்பாள், தட்டு எடுப்பாள், வாயைத் திறக்கமாட்டாள்.

"அவ அப்படித்தான். சொல்ல இருந்ததெல்லாம் சொல்லி முடிச்சுட்டா" என்றாள் வீட்டம்மா.

வீட்டுப் பழக்கம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. சாயங்காலம் ஆறு மணிக்குச் சாப்பாடு. கரண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஆளுக்கு ஒன்று, தன் வாழ்க்கையில் நிஜமாக நடந்தது, மேசையில் சொல்ல வேண்டும். விருந்தாளி முதலில். சொன்னதைத் திருப்பிச் சொல்லக்கூடாது. வாயாடிக்குக் கேட்கவா வேண்டும்! மூன்று வாரம் வெளுத்துவாங்கினாள். அவர்களும் கண் கொட்டாமல் கேட்டார்கள். அப்போது என்ன வாசனை அடித்தது, என்ன நிறச் சட்டை போட்டிருந்தாய், காலுக்கடியில் தரை சூடா குளிர்ச்சியா என்றெல்லாம் துருவினார்கள். ஊரில் "கொஞ்சம் வாயை மூடு" என்றே கேட்டு வளர்ந்தவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் மதியம் பட்டறை இடைவேளையில், பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டர் தூள் படிந்த கையோடு அக்காவை வீடியோ போனில் கூப்பிட்டு, தொட்டிக் கதையை நடித்தே காட்டினாள். அக்கா சிரிக்கவில்லை.

"ஏய் லூசு, அது நீதான்டி. உன்னால நான் வாங்கின அடி இன்னும் முதுகுல இருக்கு."

"நானா?"

"விளையாடாத. நீதான் அவங்ககிட்ட உளறியிருப்ப. அவங்க உன்னைக் கிண்டல் பண்ணியிருப்பாங்க."

வாயாடி போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடித் தேடினாள். தொட்டி இல்லை. பாசி வாசனை இல்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு துழாவுவதுபோல மனசு அந்த இடத்தையே துழாவியது. வழவழவென்று ஒன்றுமில்லாமல் இருந்தது. தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் சட்டைக் கையை மடித்தபோது, வலது முழங்கையில் நீளமாக ஒரு தழும்பு தெரிந்தது. எப்படி வந்தது என்று யோசித்தாள். தெரியவில்லை. எதிரே தச்சர் தன் வலது முழங்கையைத் தேய்த்துக்கொண்டு முகம் சுளித்தார்.

"சைக்கிள் கத்துக்கும்போது விழுந்த கை. குளிர்னா வலி உயிரை எடுக்குது."

அவள் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

விடிந்ததும் பயிற்சி நிலையத்துக்குப் போன் போட்டாள். எடுத்த அதிகாரிக்கு ஒரே சிரிப்பு. "சாப்பிடும்போது பேசச் சொல்றாங்களா? மத்த பிள்ளைங்க எல்லாம் யாரும் பேசமாட்டேங்கிறாங்கன்னு அழுவுதுங்க. வேற வீடு காலியில்லம்மா. இன்னும் ஆறு வாரம்தானே, ஓட்டிடு."

சரி, ஓட்டிவிடலாம். பொய் சொன்னால் போச்சு! அன்றைக்கு மேசையில் ஒரு கதையைக் கட்டிவிட்டாள்: மழை, பாலம், தொலைந்துபோன செருப்பு. கதை முடிந்தது. யாரும் கரண்டியை எடுக்கவில்லை. சுவர்க்கடிகாரத்தின் சத்தமும், அறையைச் சூடாக்கும் குழாய்களுக்குள் தண்ணீர் முனகும் சத்தமும், மூன்று பேர் மூச்சும் மட்டும் கேட்டன. சூப்பின் மேல் கொழுப்பு ஆடையாகப் படிந்து வெளுத்தது.

"இது உன்னோடது இல்லையே" என்றாள் வீட்டம்மா. குரலில் கோபமே இல்லை. குழந்தை தட்டில் மிச்சம் வைத்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

முக்கால் மணி நேரம். அசையவில்லை. கண்கூடச் சிமிட்டவில்லை. தாங்கமாட்டாமல் அவள், பள்ளிக்கூடத்துக்குப் போன பேருந்தின் எண்ணைச் சொன்னாள். மூன்று கரண்டிகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. இரண்டே வாய் அள்ளியதும் கீழே இறங்கிவிட்டன.

"இன்னும் பசிக்குதும்மா" என்றார் தச்சர்.

பாத்திரம் கழுவும் இடத்தில் பெரியவளைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க உங்களைப் பெத்த அம்மாதானா?"

பெரியவள் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். "அப்படித்தான் சொல்றாங்க" என்றாள். இந்த நாட்டு மொழி அவள் நாக்கிலும் சரியாகத் திரும்பவில்லை. வெளியிலிருந்து வந்து, புத்தகம் வைத்துப் படித்தவள் பேசும் பேச்சு.

வாயாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து தனக்குள் மிச்சம் இருப்பதை எண்ணிப் பார்த்தாள். தெரு போயிருந்தது. தோழிகளில் பாதிப் பேர் போயிருந்தார்கள். அம்மா இருந்தாள். இத்தனை நாளில் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் அழுகை வந்துவிடும் என்றுதான். இனி எதை வேண்டுமானாலும் தின்றுவிட்டுப் போகட்டும், அம்மாவைக் கொடுக்கமாட்டேன் என்று முடிவு கட்டினாள். ஊருக்குத் திரும்பி வாசலில் நிற்கும்போது கதவைத் திறப்பவள் யாரென்று தெரிய வேண்டும். அது போதும்.

ஒவ்வொரு சாயங்காலமும் துண்டு துக்கடாவாகப் போட்டாள். செத்த பூனை. கிழிந்த குடை. பரீட்சையில் கேட்ட கேள்வி. நாலாவது வாரம் அக்காவைக் கொடுத்தாள். மறுநாள் அந்தப் பெயரில் அழைப்பு வந்தபோது யாரோ தவறுதலாகக் கூப்பிடுகிறார்கள் என்று துண்டித்தாள். பகலில் பட்டறையில் மெழுகை உருக்கி, யாருடைய வாய்க்கோ பல் வரிசை வார்க்கும்போதெல்லாம் உதட்டுக்குள் அம்மா, அம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கிளம்ப மூன்று நாள் இருந்தது. ஆறு மணி. சன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. மேசையில் ஆவி பறந்தது. வீட்டம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"அழைச்சுட்டுப் போக யாராவது வருவாங்களா? இல்ல, உனக்குன்னு யாரும் இல்லையா? பெத்தவங்களைப் பத்தி நீ ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே."

"எல்லாரும் இருக்காங்க."

"பாவம்" என்று பெருமூச்சு விட்டாள் வீட்டம்மா. "பெத்தவ ஒருத்தி இருந்தா இப்படித் தனியா அனுப்பியிருப்பாளா? அவளுக்கு உன்மேல பாசம் இல்ல போல."

வாயாடிக்குச் சுருக்கென்றது. ஆறு வாரமாக அடக்கிவைத்த வாய்.

"எங்கம்மாவைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? என்னைப் படிக்கவைக்க ராத்திரி பகலா துணி தைச்சவங்க! வாயில நாலு குண்டூசியைக் கடிச்சுக்கிட்டே என்னைத் திட்டுவாங்க, ஒரு ஊசி கீழ விழாது. இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். எனக்குக் காய்ச்சல்னா அவங்க சோறு தின்னமாட்டாங்க. நான் கிளம்பின அன்னிக்கு அழவே இல்ல, என் சட்டைப் பொத்தானை மட்டும் மறுபடி மறுபடி போட்டுவிட்டாங்க, விரல் எல்லாம் எண்ணெய் வாசனை, அவங்க மட்டும் இங்க வந்தா உங்களை எல்லாம்…"

நின்றாள்.

கரண்டிகள் எழுந்தன.

"வேணாம்" என்றாள். "வேணாம், அது இல்ல, வேற சொல்றேன்." எதைப் பற்றிச் சொல்கிறோம் என்று பாதியிலேயே அவளுக்குப் புரியாமல் போயிற்று. அவர்கள் சாப்பிட்டார்கள். மெதுவாக. ருசித்து. தச்சர் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டம்மாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. தட்டை வழித்து நக்கினார்கள். எதற்காகத் தன் நெஞ்சு இப்படிப் படபடக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

போன் அடித்தது.

திரையில் 'அம்மா' என்று எழுதியிருந்தது. படிக்க முடிந்தது. யாருடைய அம்மா என்றுதான் தெரியவில்லை. தொட்டதும் ஒரு பெண்ணின் முகம் வந்தது. நடுவயது. இடது புருவம் இரண்டாகப் பிரிந்திருந்தது. உதட்டில் குண்டூசிகள். யாரையோ தேடித் தவிக்கிற கண்கள்.

வீட்டம்மா கையைத் துடைத்துக்கொண்டு, போனை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கினாள். தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். முதன்முறையாகத் தமிழில் பேசினாள்.

"சொல்லும்மா. சாப்ட்டியா நீ?"

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. ஊசிகளை உள்ளங்கையில் துப்பினாள். "ஏண்டி, ரெண்டு நாளா போன் எடுக்கல? உயிரே போயிடுச்சுடி எனக்கு. இளைச்சுட்டியே!"

"வேலைம்மா. இதோ மூணே நாள், வந்துடுவேன்."

பெரியவள் எழுந்து, இரண்டாவதாக ஒரு துடைக்கும் துணியை வாயாடியின் தோளில் போட்டாள். வாயாடி, ஏனென்று தெரியாமல் வழிந்த கண்ணீரோடு, எச்சில் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

"பின்னாடி யாருடி அது, அழுதுகிட்டு நிக்கிறது?" என்று கேட்டது திரை.

"இந்த வீட்டுப் பொண்ணும்மா. அது பேசாது."

"ஐயோ பாவம்" என்றாள் அந்தப் பெண். "யார் பெத்த பிள்ளையோ." தட்டுகளைக் கையில் ஏந்தி நின்றவள், முன்பின் தெரியாத ஒருத்தி தன்மேல் இவ்வளவு இரக்கம் காட்டுகிறாளே என்று, திரையைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள்.