சீல் உடையாத பெட்டி

குருநாதன் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டினான். சத்தம் வரவில்லை.

ஜன்னல் திட்டில் செல்போனைச் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். பெட்டியின் நாலு சீல்களையும் கிட்டத்தில் காட்டிவிட்டு மெதுவாக ஒரு ஆட்டு ஆட்டச் சொல்லி, வாங்க வருகிற செல்வமுருகன் கேட்டிருந்தான். இந்தத் தொழிலில் அது வழக்கம்தான். உள்ளே பொம்மை சேர்த்துக் கட்டுகிற ஆயிரத்துச் சொச்சம் பிளாஸ்டிக் துண்டுகள் பைபையாகக் கிடக்கும். ஆட்டினால் மொச்சை மூட்டையை உலுக்கினது போல் கலகலக்கும். அந்தக் கலகலப்பு இருந்தால்தான் பெட்டிக்குள் யாரும் கை வைக்கவில்லை என்று வாங்குகிறவன் நம்புவான்.

இரண்டாம் முறை வேகமாக ஆட்டினான். உள்ளே எதுவோ மெத்தென்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்தது, அவ்வளவுதான். பக்கத்து அலமாரியிலிருந்து வேறொரு பெட்டியை எடுத்து ஆட்டினான். கலகலவென்றது. கீழ்த்தட்டில் ஒன்று, மேல்தட்டில் ஒன்று என்று எடுத்துப் பார்த்தான். எல்லாம் கலகலத்தன. பூண்டு நிறுக்கிற தராசில் அந்த ஒரு பெட்டியை மட்டும் வைத்து நிறுத்தான். வாங்கின அன்று கணக்கு நோட்டில் பென்சிலால் எழுதி வைத்த அதே எடை. லென்ஸ் வைத்துச் சீலைப் பார்த்தான். நாலும் கம்பெனி ஒட்டினது ஒட்டினபடி இருந்தன. பிற்பகல் மூன்று மணிதான் ஆகியிருந்தது, ஆனால் மலையிலிருந்து மஞ்சு மூடுபனியாக இறங்கி ஜன்னலுக்கு வெளியே வில்பட்டி ஊரே காணாமல் போயிருந்தது.

குருநாதன் குடும்பம் பூண்டுக் குடும்பம். அறுத்த பூண்டை உடனே விற்காமல், கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டு, கீழே புகை போட்டு, விலை ஏறும்வரை பொத்திப் பொத்தி வைத்திருந்து விற்கிற பொறுமை அவர்களுக்குப் பரம்பரையாக வந்தது. டவுனில் ஒரு பொம்மைக் கடையை மூடும்போது மலிவாகக் கிடைத்த நாலு பெட்டியில் அவனுடைய இந்த வியாபாரம் தொடங்கியது. துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டுகிற பொம்மை செட்டு. கம்பெனி ஒரு செட்டை ரெண்டு வருசம் செய்துவிட்டு நிறுத்திவிடும். நிறுத்தினபின் சீல் உடையாத பெட்டிக்கு விலை ஏறிக்கொண்டே போகும். பூண்டு முளைத்துவிடும், பெட்டி முளைக்காது என்று அவன் சொன்னபோது டீக்கடையே சிரித்தது. யாரும் விளையாடாத பொம்மைக்குத்தான் விலையாம் என்று ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை. பெட்டி நாலு அறுபதானது.

அறுபதில் ஒன்றே ஒன்றைத்தான் அவன் மகள் சுசித்ரா கேட்டாள். மரவீடு செட்டு. பெட்டியின்மேல் ஒரு பெரிய மரம், மரத்தில் ஒரு அறை, நூலேணி, கீழே அப்பா அம்மா பொம்மைகள், மேலே ஜன்னலில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை பொம்மை. “பிரிச்சா பாதி விலைகூடத் தேறாது பாப்பா. பத்து வயசு ஆகட்டும், நீயே பிரி” என்றான். அவள் அடம்பிடிக்கவில்லை. அட்டைப்படத்தின் ஏணியில் விரலை வைத்து ஏறி ஏறி இறங்குவாள். பழனித் திருவிழாவில் வாங்கிக் கொடுத்த மலிவுச் செட்டைத்தான் ஜன்னலடியில் உட்கார்ந்து சேர்த்துக் கொண்டிருப்பாள். அவளுக்கு எப்போதும் மூக்கடைப்பு. வேலையில் மும்முரமாகிவிட்டால் வாயைத் திறந்து மூச்சு விடுவாள்.

அவளுக்கு ஒன்பது வயதுதான் ஆனது.

பெட்டிக்கு எதிரி ஈரம். ஈரம் பட்டால் அட்டை உப்பிவிடும், சீல் உரிந்துவிடும். பூண்டுக் கொட்டகைக்குப் புகை போட்டுப் பழகின கை, பெட்டி அறையிலும் கரி அடுப்பைக் கொண்டுபோய் வைத்தது. கொட்டகையில் ஓட்டுச் சந்து வழியே புகை போய்விடும். இந்த அறையிலோ மஞ்சு நுழையக் கூடாதென்று சந்து, இடுக்கு எல்லாவற்றையும் டேப் போட்டு அவனே அடைத்திருந்தான். ரெண்டு வருசத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாத மழை நாளில் அடுப்பை மூட்டி வைத்துவிட்டு, பார்சல் போடப் பெருமாள்மலைக்குப் போனான். மனைவி தேவசேனா கேரட் பிடுங்கப் போயிருந்தாள். மழையால் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டது. வெளியே குளிர், அந்த அறை மட்டும் கதகதப்பு. பிள்ளை போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்து கதவை உடைத்தவன் குருநாதன்தான். ஜன்னலடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் மரவீட்டுப் பெட்டி. சீல் உடையவில்லை. அப்பா சொன்னது சொன்னதுதான் என்று இருந்திருக்கிறாள் பிள்ளை.

“தூக்கத்துலயே போயிருச்சு. அதுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது” என்று தேவசேனாவிடம் சொன்னான். அவளும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள். அன்றைக்கு அந்த அறையில் அவன் பார்த்த இன்னொன்றை அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணமாகாமல் செத்துப்போகிற பெண்பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வமாகிவிடுவாள். வருசா வருசம் அவள் போன நாளில் புதுப்பாவாடை, சட்டை, அவளுக்குப் பிடித்த பண்டம் எல்லாம் வைத்துப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே காத்திருப்பார்கள். உள்ளே அவள் வந்து எடுத்துக்கொள்வாள். படைத்தது அடுத்த வருசம்வரை அவளுடையது, யாரும் தொடக் கூடாது. போன வருசம் கும்பிட்டபோது தேவசேனா கேட்டதற்காக அவன் மரவீட்டையும் வைத்தான். ஆனால் பிரித்து வைக்கவில்லை. சீலோடு வைத்தான். கும்பிட்டு முடிந்ததும் பாவாடையும் சட்டையும் அவளுக்கென்று வைத்த கன்னிப்பெட்டிக்குள் போயின, மரவீடு மட்டும் ரெண்டாம் நாள் பழையபடி அலமாரிக்குப் போனது. தேவசேனா பார்த்தாள்.

நாளை மறுநாள் ரெண்டாம் வருசக் கும்பிடு. “இந்த வருசமாச்சும் பிரிச்சு வைங்க” என்று அவள் சொல்லியிருந்தாள். அதற்கு முன்னால் அவன் அதை விற்றுவிட நினைத்தான். நல்ல விலை வந்திருக்கிறது என்று அவளிடம் சொன்னது பொய்யில்லை. ஆனால் விலைக்காக அல்ல. அந்தப் பெட்டி இருக்கிற திசையில் அவனால் பார்க்க முடியவில்லை. அது வீட்டைவிட்டுப் போனால் போதும்.

முதலில் எடுத்த வீடியோவை அப்படியே அனுப்பியிருந்தான். போன் அடித்தது. “அண்ணே, வீடியோ வந்துச்சு. சத்தமே கேக்கலியே?” என்றான் செல்வமுருகன்.

“மைக்கு சரியில்ல தம்பி. இன்னொண்ணு அனுப்புறேன்.”

“பெருமாள்மலை தாண்டிட்டேன். ஒரே மிஸ்ட்டு, எதிர்ல வர்ற வண்டி தெரியல. ஒரு மணி நேரத்துல வந்துருவேன்.”

மரவீட்டைக் கேமராமுன் ஆட்டிக்கொண்டே, கேமராவுக்குப் பின்னால் இன்னொரு பெட்டியை இடது கையால் ஆட்டி வீடியோ எடுத்து அனுப்பினான். இத்தனை வருசத்தில் அவன் செய்த முதல் கள்ளத்தனம். கதவைச் சாத்திக்கொண்டு, மரவீட்டை மேசையில் வைத்து, சுற்றிக் கட்டுவதற்குக் குமிழ்த் தாளை விரித்தான்.

டக்.

எலியோ என்று முதலில் திரும்பிப் பார்த்தான். வெளியே மஞ்சு எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட்டிருந்தது, தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை, தகரக் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மட்டும் எங்கோ விழுந்துகொண்டிருந்தது, அதற்கு நடுவில் அது மறுபடியும் கேட்டது, சின்ன நகத்தால் ஒரு துண்டை இன்னொரு துண்டின்மேல் வைத்து அழுத்தினால் வருகிற அந்தச் சத்தம், பிறகு ஒரு இடைவெளி, சரியாக உட்கார்ந்ததா என்று தடவிப் பார்க்கிற நேரம், பிறகு அடுத்தது. டக். ஜன்னலடியில் பிள்ளை சேர்க்கும்போது நாளெல்லாம் கேட்ட சத்தம். அவனுக்குத் தெரியாதா?

சத்தம் மேசைமேல் இருந்த பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

அப்போது வாடை வந்தது. கரி கனிகிற வாடை, தொண்டையின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிற இனிப்பு வாடை. ரெண்டு வருசமாக இந்த அறையில் யாரும் நெருப்பு மூட்டவில்லை. அடுப்பையே அவன் அன்றைக்கே ஓடையில் கொண்டுபோய் எறிந்துவிட்டான். டேப்பையெல்லாம் கிழித்தாகிவிட்டது. ஆனாலும் அறை கதகதவென்று ஆகிக்கொண்டு வந்தது.

ஜன்னல் கண்ணாடி மூடிக்கொண்டது. வெளியே இருந்த மஞ்சு அல்ல. உள்பக்கம். ஆவி.

அவன் அதைப் பார்க்கக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றைக்கும் அந்தக் கண்ணாடி இப்படித்தான் ஆவி படிந்திருந்தது. அதில் ஐந்து விரல் இருந்தது. சின்ன விரல். மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்த ஐந்து கோடு. பிள்ளை விழித்திருக்கிறாள். எழுந்திருக்கிறாள். ஈரத்தில் உப்பின கதவை இழுத்துப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை, ஜன்னலைத் தட்டியிருக்கிறாள். அவன் கத்துவதற்கு முன்னால், பிள்ளையைத் தூக்குவதற்கும் முன்னால், தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த ஐந்து கோட்டையும் துடைத்தான். தேவசேனா பார்த்துவிடக் கூடாதே என்று துடைத்தான். தனக்காகவும் துடைத்தான்.

டக்.

கதவுக்குப் போனான். இழுத்தான். வரவில்லை.

டக். டக்.

மூச்சு. வாய்வழி மூச்சு. யாருடையதோ. பக்கத்தில்.

“தேவசேனா!”

கதவு வெளியிலிருந்து அதிர்ந்தது. “ஏங்க, நீங்க இழுங்க, நான் தள்ளுறேன்” என்று அவள் குரல். கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. அவள் வாசலிலேயே இருந்திருக்கிறாள். கீழே சாக்கு விரித்திருந்தது, உட்கார்ந்த தடம் இருந்தது.

“உள்ள சத்தம்...” என்றான்.

“தெரியும். போன வருசம் கும்பிட்டோம்ல, மறுநாள்லேர்ந்து கேக்குது. மத்தியானம் சோலி முடிஞ்சதும் இங்கனதான் வந்து உக்காந்துக்குவேன். எம்புள்ள விளையாடுது, விளையாடட்டும்னு.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா வெரசா வித்துருவீங்க.”

அறையில் சத்தம் நின்றிருந்தது. தேவசேனா காதைக் கொடுத்துக் கேட்டாள். அவள் முகத்தில், ரெண்டு வருசமாக இல்லாத ஏதோ ஒன்று, சிரிப்பென்றே சொல்லலாம், வந்தது. “முடிச்சுட்டா போல. பிரிங்க. அவ கட்டுனத நான் பாக்கணும்.”

அறுபது பெட்டி வைத்திருந்தவன் வாழ்நாளில் ஒரு சீலைக்கூட உடைத்ததில்லை. கட்டைவிரல் நகத்தைச் சீலில் வைத்தான். அது சன்னமான ஒரு சத்தத்தோடு கிழிந்தது. ஒன்று. ரெண்டு. மூன்று. நாலு. மூடியைத் தூக்கினான்.

உள்ளே எட்டுப் பைகள். ஓரம் ஒட்டின, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பிரிக்காத முதல் பைக்குள் மரத்தின் அடி, வேரோடு, கட்டி முடித்து இருந்தது. ரெண்டாவதில் கிளைகள். மூன்றாவதில் நூலேணி. நாலில் சுவர், ஐந்தில் கூரை. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தான். ஒரு துண்டு மாறவில்லை, ஒரு பை கிழியவில்லை.

“சீல உடைக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சேன்ல” என்றான். “உடைக்கலடி. இன்னும் உடைக்கல அவ.”

தேவசேனா புடவையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆறு. ஏழு. பைகளைத் தடவித் தடவி அழுதாள். எங்கோ தொலைவில், மஞ்சுக்குள், ஒரு கார் ஹாரன் அடித்தது.

எட்டாவது பை அடியில் கிடந்தது. மரத்தின் அறை அதற்குள் இருக்க வேண்டும். தெரியவில்லை. பை வெள்ளையாக இருந்தது. கையில் எடுத்தான். சூடாக இருந்தது.

உள்பக்கம் ஆவி.

பை மெல்ல உப்பியது. தணிந்தது. உப்பியது. வாய்வழி விடுகிற மூச்சுப் போல, விட்டு விட்டு, வேகமாக.

“என்னங்க அது?” என்றாள் தேவசேனா.

அவன் கை தானாகத் தோளுக்குப் போனது. துண்டுக்கு. ஆனால் ஆவி உள்ளே அல்லவா இருக்கிறது. துடைக்க முடியாது.

ஆவிக்குள் ஒரு புள்ளி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. ஐந்து. சின்ன விரல் நுனிகள், உள்ளேயிருந்து, பிளாஸ்டிக்கில் பதிந்து வெளுத்தன. பிறகு கீழே இழுத்துக்கொண்டு வந்தன. ஐந்து கோடு.

தேவசேனா பார்த்தாள். பிறகு தலையை உயர்த்தி ஜன்னலைப் பார்த்தாள், அவன் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள்.

“தூக்கத்துலயே போயிருச்சுன்னு சொன்னீங்களே.”

விரல்கள் பையின் அடிக்கு வந்துவிட்டன. பை உப்பியது. மறுபடியும் மேலே ஐந்து புள்ளி விழுந்தது.