நீலக் குருணை

ரெனிதா வெளியிலிருந்துதான் ஊதினாள். ஆவி உள்ளே படிந்தது.

திங்கட்கிழமை கூரியரில் வந்த பொட்டலத்தை அவள்தான் வாங்கி வைத்திருந்தாள். சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அவள் புருஷன் மேக்ஸ்வெல் அதைப் பிரித்து அட்டையை வெளியே எடுத்தான். அட்டையோடு ஒட்டிய பிளாஸ்டிக் குமிழுக்குள் ஒரு சாண்கூட இல்லாத பொம்மை. குமிழின்மேல் யாருடைய விரல் ரேகையோ இருந்தது.

"இன்னாய்யா, புதுப் பொருள்ல அழுக்கு?" என்று ரெனிதா அதைப் பிடுங்கினாள். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோல ஹா என்று வாயால் ஊதித் துப்பட்டாவால் தேய்த்துக் கொடுத்தாள்.

ரேகை போயிற்று. ஆவி போகவில்லை. மேக்ஸ்வெல் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். வெளிப்பக்கம் காய்ந்து வழவழவென்று இருந்தது. பொம்மையின் தலைக்கவசத்துக்கு நேராக, உட்பக்கத்தில், காசளவு வெள்ளைப் படலம் ஒன்று மெல்லப் பெரிதாகி மெல்லச் சிறிதானது.

ஐந்து பாகமாக வந்த ஒரு விண்வெளிப் படத்தின் பொம்மைகள் அவை. அவன் பள்ளியில் படித்த காலத்தில் கடைக்கு வந்தவை. அப்போது அவனுக்கு ஒன்றுகூட வாய்க்கவில்லை. முப்பது வருடம் கழித்து அதே அச்சில், அதே அட்டையில் கம்பெனி மறுவெளியீடு செய்தது. மொத்தம் பன்னிரண்டு. பதினொன்றை மூன்று வருடத்தில் பிடித்துவிட்டான். பன்னிரண்டாவது இவள், விண்கலத்தின் பெண் பொறியாளர். ஒன்றையும் பிரித்ததில்லை. பிரித்தால் அது பிள்ளைகள் விளையாடும் சாமான். பிரிக்காதவரைதான் சேகரிப்பு. ஞாயிற்றுக்கிழமை கரையான்சாவடியிலிருந்து சேகரிப்பாளர் குழு மொத்தமும் அண்ணனூரில் அவன் வீட்டுக்கு வருகிறது. பன்னிரண்டும் பிரிக்காமல் ஒரே அலமாரியில் நிற்பதை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

குழுவின் தலைவன் தமிழ்வாணனுக்கு போன் போட்டான்.

"மழைக்கு ஈரம் ஏறிட்ச்சி மச்சான்" என்றான் தமிழ்வாணன். "அக்ரிலிக் பெட்டில வெச்சி, சிலிக்கா ஜெல் போட்டு, சுத்தி டேப் அட்ச்சிடு. ஈரத்த அதுவே உறிஞ்சிக்கும். பிரிச்சி கிரிச்சித் தொலைக்காத மாமே. கேக் வாங்கிகினு வர்றோம்."

பாடிக்குப் போய், மிஷின் சாமான் விற்கும் கடையில் சிலிக்கா ஜெல்லை நீலக் குருணையாக அரைக் கிலோ வாங்கினான். ஈரம் குடித்தால் ரோஜா நிறமாகும், வாணலியில் வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். குருணையை மெல்லிய துணியில் முடிந்து, பெட்டிக்குள் அட்டைக்குப் பின்னால் திணித்து, மூலைமூலையாக டேப் ஒட்டினான்.

புதன்கிழமை காலையில் குருணை மொத்தமும் ரோஜா நிறத்தில் இருந்தது.

அன்று ரெனிதா குடத்தருகிலேயே உட்கார்ந்திருந்தாள். சொம்பு சொம்பாகக் குடித்தும் தாகம் அடங்கவில்லை. உதடு வெடித்திருந்தது. "நாக்கு மேல்வாய்ல ஒட்டிக்குதுய்யா" என்றாள். பிறகு அலமாரியைப் பார்த்துச் சிரித்தாள். "அவளுக்கு மட்டும் கண்ணாடி ஊடு. எனக்கு ஒரு எலுமிச்ச பிழிஞ்சித் தர ஆளில்ல."

அவன் குருணையை வாணலியில் கொட்டி அடுப்பை ஏற்றினான்.

முதலில் வெறும் ஆவிதான் எழுந்தது, இட்லிப் பானையைத் திறந்தால் வருவதுபோல. அது அடுப்புக்கு மேலே சுவரில் படர்ந்து, வெள்ளைச் சுண்ணாம்பைக் கறுக்க வைத்து, மழைக்காலத்து ஈரத்தோடு ஈரமாகச் சேர்ந்துகொண்டது. பிறகுதான் வாசனை வந்தது. தேங்காயெண்ணெயும், நெஞ்சில் தடவும் தைலமும், அடியில் லேசான வியர்வையும் கலந்த, பதினான்கு வருடமாகத் தலையணையில் அவன் முகர்ந்துவரும் வாசனை. கரண்டி நின்றது. ரெனிதா கூடத்தில் இருமினாள், இருமல் காய்ந்த சருகை மிதிப்பதுபோல் இருந்தது. குருணை நீலமாகிக்கொண்டே வந்தது. ஆறியதும் மறுபடி பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டினான்.

வியாழக்கிழமை கிளினிக்கில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சோதனையில் ஒன்றும் தெரியவில்லை, குறையாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள் என்றார்கள். ஆட்டோவில் திரும்பும்போது அவள் கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. வீட்டுக்கு வந்து மேக்ஸ்வெல் அலமாரியைப் பார்த்தான். குமிழ் முழுக்க வெண்மை. உள்ளே பொம்மையே தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த வெண்மையில் ஒரு சின்னக் கோடு விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்னும் மூன்று. ஐந்து விரல்.

உள்ளேயிருந்து.

மாலைக்குள் குமிழ் பாதி தெளிந்தது. ரெனிதாவின் கன்னம் ஒட்டிப்போனது.

அவனுக்கு விளங்கிவிட்டது. குமிழில் ஏறுவது அவள் உடம்பின் ஈரம், குருணை குடிப்பதும் அதைத்தான்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் தண்ணீர் ஊட்டினான். ஊட்ட ஊட்ட அடுத்த அறையில் குமிழ் வெளுத்தது. சனிக்கிழமை சாயங்காலம் பேப்பர் கத்தியை எடுத்துக்கொண்டு அலமாரிமுன் நின்றான். டேப்பைக் கிழித்தான். அட்டையை எடுத்தான். குமிழின் ஓரத்தில் கத்தியை வைத்தான். ஒரு அழுத்தம் போதும்.

போன் அடித்தது.

"மாமே, நாளைக்கி ஒம்போது பேர் வர்றோம். பத்து மணிக்கி" என்றான் தமிழ்வாணன். "கோவிந்தராஜ் நம்பவே மாட்டேன்றான். பன்னெண்டும் சீலோட இருந்தா மீசைய எடுத்துக்கிறானாம். இன்னா, கீதில்ல?"

மேக்ஸ்வெல் கத்தியைப் பார்த்தான்.

"கீது" என்றான். "சீலோட கீது."

பன்னிரண்டு மணிக்கெல்லாம் அவர்கள் போய்விடுவார்கள். போனதும் பிரித்துவிடலாம். ஒரு ராத்திரி. இத்தனை நாள் தாங்கியவள் ஒரு ராத்திரி தாங்கமாட்டாளா? ஆனால் குமிழ் இப்படி வெளுத்துப்போய் இருந்தால் கோவிந்தராஜ் சிரிப்பான்.

ரோஜா நிறக் குருணையை வாணலியில் கொட்டினான். அதிகமாகவே வறுத்தான். மூச்சை அடக்கிக்கொண்டு வறுத்தான். சூடு ஆறுவதற்குள் அட்டையோடு பெட்டியில் திணித்து டேப்பை இரண்டு சுற்று ஒட்டினான்.

"யோவ்" என்றாள் ரெனிதா படுக்கையிலிருந்து. சத்தம் இல்லை, வாய் அசைவுதான். "இன்னா வறுக்கற?"

"ஒண்ணுமில்ல. தூங்கு."

ஞாயிற்றுக்கிழமை ஆறு நாள் மழை விட்டு வெயில் அடித்தது. குமிழ் பளிங்காக இருந்தது. ஒரு கீறல், ஒரு மாசு இல்லை. கடையில் தொங்கும்போதுகூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. பன்னிரண்டும் வரிசையாக நின்றன. மேக்ஸ்வெலின் நெஞ்சு நிறைந்தது, கொஞ்ச நேரம்.

பிறகு வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை என்பதைக் கவனித்தான்.

ரெனிதா கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். இமை மூடவில்லை. மூடுவதற்கு அதில் ஈரமில்லை. கருவிழி அவன் பக்கம் திரும்பியபோது காகிதம் உரசுவதுபோல் கேட்டது. உயிர் இருந்தது. தண்ணீரை வாயில் ஊற்றினான். நாக்கில் பட்டு, மணலில் விழுந்ததுபோல் மறைந்தது. அடுத்த அறைக்கு ஓடினான். டேப்பைப் பிய்த்தான். கத்தியால் குமிழைக் கிழித்தான். பொம்மை கையில் விழுந்தது.

பிளாஸ்டிக். வெறும் பிளாஸ்டிக். சொட்டு ஈரமில்லை.

அப்படியென்றால் அவ்வளவும் எங்கே?

சமையலறை.

அடுப்புக்கு மேலே சுவர் நனைந்திருந்தது. இரண்டு தடவை வறுத்ததில் எழுந்த ஆவி. ஆளுயரம். கூந்தல் அவிழ்ந்த ஒரு பெண், முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, வாயை அகலத் திறந்தபடி, சுண்ணாம்பில் கறுப்பாக நின்றாள். எதிர் ஜன்னல் வழியாக வெயில் அவள் உச்சந்தலையில் விழுந்திருந்தது. அந்த இடம் வெளுத்திருந்தது. வெயில் சுவரில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நெற்றி வெளுத்தது.

ஜன்னலுக்குக் கதவில்லை, கம்பிதான். துணி தேட நேரமில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கைகளை விரித்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றான். அவன் நிழல் அவள் முகத்தில் விழுந்தது. கண்ணை மறைத்தது. வாயை மறைத்தது.

தோள்களை மறைக்கவில்லை.

"மாமே! கதவத் தொற!" வாசலில் ஒன்பது பேரின் சிரிப்பு.

சுவரில் இடது தோள் விளிம்பிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. படுக்கையறையில் காய்ந்த மட்டை முறிவதுபோல் ஒரு சத்தம்.

வலது தோள் வெளுத்தது.

இன்னொரு சத்தம்.