அப்பாவுக்கு ஒரு செய்தி

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கையே கிடையாது என்று கதையை ஆரம்பிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எனக்கு நம்பிக்கை உண்டு. ஜின் இருக்கிறது என்று சின்ன வயதிலேயே ஓதிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் பேசும் என்று எந்த ஆலிம்சாவும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

நான் தாஜ் முகம்மது. மேலப்பாளையத்தில் கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கிற பட்டறை வைத்திருக்கிறேன். தொண்ணூற்றாறு புரட்டாசியில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்குக் குற்றாலலிங்கம் சாரின் வெள்ளை அம்பாசிடர் பட்டறைக்குள் வந்து நின்றது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். எனக்கு ஹாம் ரேடியோ பைத்தியத்தைப் பிடிக்க வைத்த புண்ணியவானும் அவர்தான். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, முகம் தெரியாத ஆட்களோடு கம்பியில்லாமல் பேசிக்கொண்டிருக்கிற பைத்தியம் அது.

"தாஜு, இந்த வண்டியில ஒரு செட்டு மாட்டணும். எல்லா பேண்டும் எடுக்கணும். ஒண்ணு விடப்படாது," என்றார்.

வண்டிக்குள் எல்லா பேண்டும், அதாவது எல்லா அலைவரிசையும், என்பது கிறுக்குத்தனம். அதை அவரிடமே சொன்னேன். பக்கத்து ஊர்களோடு பேச இரண்டு மீட்டர் பேண்டு ஒன்று போதும். அதற்கு முழ நீள ஏரியல் இருந்தால் சரி. தூரதேசம் பேசுகிற நாற்பது மீட்டரும் வேண்டுமென்றால் ஆள் உயரத்துக்குக் கம்பியை நட்டுக்கொண்டு ஓட வேண்டும். ரோட்டிலுள்ள புளியமரம் ஒவ்வொன்றும் அதைப் பிடித்து இழுக்கும். செட்டும் விலை கூடுதல், பேட்டரியையும் உறிஞ்சும்.

சார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஒரு பேண்ட விட்டுட்டோம்னா அவன் அதுலதான் கூப்பிடுவான் வே," என்றார்.

அவன் யாரென்று நான் கேட்கவில்லை. குருபிரசாத், அவருடைய ஒரே மகன். நாலு வருஷத்துக்கு முன், தொண்ணூற்றிரண்டு ஐப்பசி வெள்ளத்தில், ஸ்ரீவைகுண்டத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தரைப்பாலத்தில் ஜீப்போடு ஆற்றில் போனவன். ஜீப்பில் அவன் வைத்திருந்தது இரண்டு மீட்டர் செட் ஒன்றுதான். சாயங்காலம் நாலு மணியிலிருந்து நாலரை வரை அவன் கூப்பிட்டிருக்கிறான். தூத்துக்குடியில் எலியேசர் என்கிற ஹாம் ஒருவருக்கு மட்டும் அது விட்டுவிட்டுக் கேட்டது. "யாராவது கேக்கீங்களா? அப்பாவுக்கு ஒரு செய்தி இருக்கு. ஓவர்." எலியேசர் தொண்டை கிழியப் பதில் சொன்னது அவனுக்கு எட்டவில்லை. அவன் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அப்புறம் சத்தமில்லை. அந்த அரை மணி நேரமும் சார் வீட்டில் உட்கார்ந்து, நாற்பது மீட்டரில் ஓர் இலங்கைக்காரரோடு மழையளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

என்ன செய்தி என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். 'ஓவர்' என்றால் இனி நீங்கள் பேசலாம் என்று அர்த்தம். எதிர்முனையில் ஒருவர் "கேட்கிறது, சொல்லுங்கள்" என்று சொன்ன பிறகுதான் செய்தியைக் கொடுக்க வேண்டும் என்பது முறை. மகனுக்கு அந்த முறையைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுத்தவர் சார்தான்.

"அது என்ன செய்தின்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல தாஜு. அவன் அங்கனயே நின்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கான். நான் ஒருக்கா 'சொல்லுலே'ன்னு சொன்னாப் போதும்."

பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவரிடம் நான் என்ன நியாயம் பேச முடியும்? என் சகலை யாசர் துபாயிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் செட் ஒன்று இருந்தது. அவர் கேட்ட பேண்டெல்லாம் அதில் இருந்தது. இரண்டு நாள் வேலை. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, இரண்டு முனையிலும் பியூஸ் வைத்து, டிக்கியோரம் பெயிண்டைச் சுரண்டி ஏரியலைப் பிடிக்கவைத்தேன். வேலையில் நான் யாருக்கும் குறை வைத்தவனல்ல. அதனால்தான் அடுத்ததாக நான் செய்த காரியம் இன்றுவரை என் கையிலேயே உறுத்துகிறது.

இரண்டாம் நாள் மத்தியானம் சாரின் மனைவி நீலாம்பாள் அம்மா ஆட்டோ பிடித்துப் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். அந்த வீட்டம்மா எங்கள் தெருவுக்கு வந்ததே அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தம்பி, அவுக கேக்கட்டும். கேக்க விடலன்னா அதுலயே போயிருவாக. ஆனா இங்கயிருந்து பதில் மட்டும் போகப்படாது."

"ஏம்மா?"

"போனவன் கூப்பிட்டு நாம என்னன்னு கேட்டா, கூட்டிட்டுப் போயிருவான். என் பிள்ளைதான். ஆனாலும் எனக்கு இவுகளாவது வேணும்."

அழாமல் சொன்னார்கள். அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். அவர்கள் போனதும் மைக்கைப் பிரித்தேன். குரல் போகிற ஒரே ஒரு கம்பியை வெட்டி, முனையில் டேப்பைச் சுற்றி மூடினேன். இனி பட்டனை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், செட் தன் பாட்டுக்கு அலையை அனுப்பும். கேட்கிறவனுக்கு மட்டும் இரைச்சல் அடங்கி வெறும் அமைதி போய்ச் சேரும். எத்தனை பெரிய மேதையும் இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன். போனில் அந்த அம்மாவுக்கு மட்டும் சொன்னேன், வேறு யாருக்கும் தெரியாது.

மறுநாள் சாருடன் நானும் போனேன். செட்டைச் சரிபார்க்க வேண்டுமென்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவரைத் தனியாக அனுப்ப மனசில்லை. வழியெல்லாம் நல்ல வெயில். ஸ்ரீவைகுண்டம் ரோட்டிலிருந்து வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இறங்கினோம். தரைப்பாலத்துக்கு ஐம்பது அடி முன்னால் சார் வண்டியை நிறுத்தினார். மணி மூன்று ஐம்பது. ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அழுகின வாழைச்சருகின் வாடை வண்டிக்குள் வந்து தங்கியது. ஒரு கொக்கைக்கூட அங்கே காணவில்லை.

சார் இன்ஜினை அணைத்தார். செட்டின் இரைச்சல் மட்டும், அரிசி களைகிற சத்தம் மாதிரி, வந்துகொண்டிருந்தது.

நாலு மணிக்கு அந்த இரைச்சல் அடங்கியது.

"யாராவது கேக்கீங்களா?"

எனக்கு அந்தக் குரல் தெரியும். என் பட்டறையில் உட்கார்ந்து டீ குடித்த குரல்.

"அப்பாவுக்கு ஒரு செய்தி இருக்கு. ஓவர்."

சார் மைக்கை எடுத்தார். தன் அழைப்புக்குறியை முறையாகச் சொல்லி, "கேக்கு பிரசாத். அப்பாதான் பேசுதேன். செய்தியச் சொல்லு. ஓவர்," என்றார்.

பதில் இல்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. எவனோ எலியேசர் சொன்ன கதையைக் கேட்டுவிட்டு விளையாடுகிறான், நாளைக்குள் ஆளைப் பிடித்து நாலு அறை விட வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

"யாரோ பட்டன அமுக்குதீங்க," என்றது குரல்.

"பட்டன் மட்டும் விழுது. பேச்சு வரல. யாரு அது?"

நான் குனிந்து செட்டின் பின்னாலிருந்த ஏரியல் வயரைப் பிடுங்கினேன். ஏரியல் இல்லாவிட்டால் எந்த செட்டும் ஊமைதான். வயர் என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பாவா?" என்றது குரல்.

சார் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார். "அவனுக்கு எட்டுது தாஜு. நான் இருக்கேன்னு தெரியுது. பேச்சுதான் போகல. என்ன கோளாறுன்னு பாரும்," என்று மைக்கை என் மடியில் போட்டார்.

என்னிடம் சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. ஐந்து நிமிஷ வேலை. டேப்பைப் பிரித்துக் கம்பியை முறுக்கி விட்டிருந்தால் போதும். நான் மைக்கை ஆட்டிப் பார்த்தேன், ஊதிப் பார்த்தேன், "உள்ள பாகம் போயிட்டு சார். மதுரையிலேருந்து வரவழைக்கணும்," என்று பொய் சொன்னேன். பயத்தில்தான் சொன்னேன், வேறொன்றும் இல்லை. இறந்தவன் ஒருவன் எங்களிடம் பதில் கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்தக் கதவைத் திறந்து வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அன்று பொழுது சாய்ந்ததும் நீலாம்பாள் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "என்னக் கேட்டானா?" என்றார்கள். இல்லை என்றேன். "கம்பி அப்படியே கெடக்கட்டும் தம்பி," என்றார்கள்.

மூன்று வாரம் சாரை ஏமாற்றினேன். மதுரையில் கடை அடைப்பு என்றேன், பார்சல் வரவில்லை என்றேன். அவர் தினமும் நாலு மணிக்குத் தனியாகப் போய்வந்தார். பாலத்துக்கு எவ்வளவு அருகில் போனாரோ அவ்வளவுக்கு அந்தக் குரல் பலமாக வந்ததாம். "அலை பலமா இருந்தா என் பேச்சும் ஒட்டிக்கிட்டுப் போகும்வே," என்றார். பௌதிகம் படித்த வாயால் அதைச் சொன்னார். ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. மேலே பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் பெய்த மழை கீழே ஆற்றில் செம்மண் நிறத்தில் வந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை போன் செய்தார்.

"நேத்து செட்டுல அலை காட்டுற ஊசி பாதிக்கு மேல ஏறிட்டு தாஜு. பாலத்து மேல போனா முழுசா ஏறும்."

"அவசரப்படாதீங்க சார். இன்னைக்கு வண்டியப் பட்டறைக்குக் கொண்டாங்க. மைக்கச் சரி பண்ணித் தாரேன்."

"பாகம் வந்துட்டா?"

"வந்துட்டு."

அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசிக் கேட்டதில்லை. சாயங்காலம் திரும்புகிற வழியில் வருகிறேன் என்றார். திரும்புகிற வழியில் என்று சொன்னது என் காதில் சரியாக ஏறவில்லை. ஐந்து மணிவரை அவருக்காகக் காத்திருந்தேன். ஆறு மணிக்கும் வரவில்லை.

பாலத்துக்கு மேல் ஒரு முழத் தண்ணீர்தான் ஓடியிருக்கிறது. ஆனால் நடுவில், போன வெள்ளத்தில் உடைந்து மண்மூட்டை போட்டு அடைத்திருந்த இடம், அடியில் அரித்துப் போயிருந்தது. மேலே நின்று பார்த்தால் தெரியாது. அம்பாசிடர் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கிவிட்டது. சனிக்கிழமை அவரை எடுத்தார்கள். வீட்டு வாசலில் நீலாம்பாள் அம்மா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள். திட்டியிருக்கலாம்.

பத்து நாள் கழித்து, பகல் நாலு மணிக்கு, என் பட்டறையில் இருந்த பழைய இரண்டு மீட்டர் செட்டில் இரைச்சல் அடங்கியது. அந்தப் பாலத்துக்கும் என் பட்டறைக்கும் வெகுதூரம். அந்தச் சின்ன செட்டுக்கு எட்ட வழியே இல்லை.

"யாராவது கேக்கீங்களா? அப்பாவுக்கு ஒரு செய்தி இருக்கு. ஓவர்."

இனிப் பயந்து யாரைக் காப்பாற்றப் போகிறேன்? மைக்கை எடுத்தேன்.

"கேக்கு பிரசாத். தாஜ் பேசுதேன். செய்தியச் சொல்லு. ஓவர்."

பெருமூச்சு ஒன்று கேட்டது. அதில் தண்ணீர் இருந்தது.

"அண்ணாச்சி, ஒருத்தராவது கெடச்சீகளே. எழுதிக்கிடுங்க. பாலம் நடுவுல உடஞ்சு கெடக்கு. மேல தண்ணி ஓடுறதால தெரியாது. என்னத் தேடி அப்பா வருவாக. இந்தப் பாலத்துல ஏறப்படாதுன்னு சொல்லிருங்க. அம்புட்டுதான் செய்தி. ஓவர்."

பழக்க தோஷத்தில் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருந்தேன். எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினேன் என்று படித்தேன். உட்கார்ந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் நாலு மணிக்கு அவன் வந்தான். "அண்ணாச்சி, அப்பாகிட்டச் சொல்லிட்டீகளா? ஓவர்." அதற்கடுத்த நாளும் அதே கேள்வி. செட்டை உடைத்துக் குளத்தில் போட்டேன். அதன் பிறகு, ரிப்பேருக்கு வருகிற கார்களின் பாட்டுப் பெட்டியில் கேட்க ஆரம்பித்தது. வண்டிக்காரர்களுக்குக் கேட்கவில்லை. எனக்குத்தான் கேட்டது. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அத்தனை மரியாதையாகக் கேட்டான்.

போன வாரம் ஒரு மாருதி வேனுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். நாலு மணி. "சொல்லிட்டீகளா அண்ணாச்சி? ஓவர்," என்றான். அந்தப் பெட்டிக்கு மைக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. படுத்தபடியே, வாயைத் திறந்து, "சொல்லிட்டேன் தம்பி. அப்பா ஏறல. நீ போய் நிம்மதியா இரு," என்றேன்.

போய்விட்டான் என்று நினைத்து வேனுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து உட்கார்ந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பெட்டிக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிரசாத் இல்லை. வயதான தொண்டை.

"எங்கிட்ட நீரு ஒண்ணும் சொல்லலியே, தாஜு. ஓவர்."