திருப்பிச் சொல்பவன்

மூக்கை உறிஞ்சவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

கிளிப்பிள்ளை என்று எல்லோரும் கூப்பிடும் அவளுடைய வேலைக் கூட்டாளி ஹெட்போனில் வாயைத் திறப்பதற்கு முன்னால் சர்ரென்று ஒரு தடவை மூக்கை உறிஞ்சுவான். "ஒரு டாக்டர்கிட்ட போய்த் தொலையேன்டா" என்று அவள் திட்டாத நாளில்லை. இன்று காலையிலிருந்து அந்தச் சத்தமே இல்லை. நல்ல மருந்தாகக் கிடைத்திருக்கும் போல, அப்பாடா, என்று நினைத்துக்கொண்டாள்.

வாசிப்பது அவள் வேலை, திருப்பிச் சொல்வது அவன் வேலை. கப்பலுக்கும் விமானத்துக்கும் ஆம்புலன்சுக்கும் வழிகாட்டிக்கொண்டு மேலே சுற்றும் அந்தச் செயற்கைக்கோளுக்கு ஒரு கட்டளை போகவேண்டுமென்றால் இரண்டு வாய் வேண்டும். எவனாவது ஒருத்தரை மட்டும் மிரட்டியோ மடக்கியோ கோளைக் கவிழ்த்துவிடக் கூடாதே! அதனால் கட்டடத்தின் இந்தக் கோடியில் அவள், அந்தக் கோடியில் அவன். அவள் வாசித்ததை அவன் திருப்பிச் சொல்வான். அவள் "சரி" என்றதும் கட்டளை மேலே போய்விடும். போவது அவள் வாசித்தது அல்ல, அவன் திருப்பிச் சொன்னது. அதில் ஒரு பிசகு இருந்தால் பிடிக்க வேண்டியவள் அவள்தான்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்த காதில் இப்போதெல்லாம் சொல் விழுவதில்லை, அதன் ராகம் மட்டும்தான் விழும். ராகம் ஒழுங்காக இருந்தால் "சரி" என்று வாய் தானாகச் சொல்லிவிடும்.

செத்துப்போன பழைய ராக்கெட் ஒன்றின் உடைந்த துண்டு அன்றைக்குக் கோளின் பாதையில் வந்துகொண்டிருந்தது. கோளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்க வேண்டும். பாதி வேலை காலையிலேயே முடிந்திருந்தது. மீதி முடிகிறவரை அறைக் கதவு திறக்காது. இரண்டு அறையிலும் ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்தினால்தான் பூட்டு திறக்கும். ஜன்னல் இல்லாத அறை. வெளியே நடுப்பகல் என்று கடிகாரம் சொல்லித்தான் தெரியவேண்டும். ஏசியின் ஒரே சீரான முனகலும், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடையும், எத்தனை துடைத்தாலும் போகாத பழைய கம்பளத்தின் ஈரமும் சேர்ந்து தலையைக் கனக்கச் செய்தன.

மேஜைத் தொலைபேசி அடித்தது. வாண்டு. காய்ச்சலென்று பள்ளிக்குப் போகாமல் வீட்டில் தனியாகக் கிடக்கிற மகள்.

"அம்மா, எப்ப வருவே?"

"சாயங்காலம் வந்துடுவேன், தங்கம். மருந்து குடிச்சியா? யார் பெல் அடிச்சாலும் கதவைத் திறக்கக் கூடாது, என்ன?"

இன்னொரு காதில் ஹெட்போன் இருந்தது. கிளிப்பிள்ளையின் குரல், கட்டளையைத் திருப்பிச் சொல்லும் அதே தட்டையான ராகத்தில் சொன்னது: "யார் பெல் அடிச்சாலும் உடனே கதவைத் திறக்கணும்."

"சரி" என்றது அவள் வாய்.

"சரிம்மா, உடனே திறக்கறேன்" என்றாள் வாண்டு. சமர்த்தாகத் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

வாண்டு வைத்த பிறகுதான் காதில் விழுந்த சொல் அவளுக்கு உறைத்தது.

"டேய், என்னடா விளையாட்டு இது? குழந்தைகிட்டயா?"

ஹெட்போனில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மூச்சு விடாமல் ஒருத்தன் எப்படிப் பேசுவான்? வீட்டு எண்ணை அழுத்தினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இன்டர்காமில் செக்யூரிட்டியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த ரூமைக் கொஞ்சம் பாருங்க. கிளிப்பிள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு."

"அவருக்கு என்ன மேடம், என் பக்கத்துலதானே நிக்கிறாரு. காலையிலேருந்து கார்டு வேலை செய்யலன்னு உள்ள போக முடியாம கெடக்கிறாரு."

பிறகு இன்டர்காமில் சர்ரென்று ஒரு மூக்குறிஞ்சல். "அக்கா, நானில்லாம ஆரம்பிச்சுட்டீங்களா? யாரு உங்களுக்குத் திருப்பிச் சொல்றது?"

இன்டர்காம் அத்தோடு செத்துப்போனது.

காலையில் பதிவானதை ஓடவிட்டாள். அவள் குரல்: "இடப்பக்கம் திருப்பு." அவன் குரல்: "வலப்பக்கம் திருப்பு." அவள் குரல்: "சரி." அடுத்தது. "விலக்கு." "நெருக்கு." "சரி." அடுத்தது. "சரி." அடுத்தது. "சரி." ஒவ்வொன்றுக்கும், வாய் நிறைய, "சரி."

எதிரே திரையில் கோள் துண்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள். எத்தனை கப்பல், எத்தனை உயிர்! ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குக் கப்பல் முக்கியமில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், பெற்றவளுக்கு அப்போது உலகத்தில் ஒரே ஒரு கதவுதான் இருந்தது.

ஹெட்போனைப் பிய்த்து மேஜையில் எறிந்தாள். அறைக் கதவை உதைத்தாள். அசையவில்லை.

தொலைபேசி அடித்தது.

"அம்மா, பெல் அடிக்குது."

பேசக் கூடாது. எதைச் சொன்னாலும் அது மாற்றிச் சொல்லும். மாற்றிச் சொன்னதுதான் குழந்தைக்குப் போய்ச் சேரும். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது.

"அம்மா? இருக்கியா?"

பேசாதே.

"இருக்கேன், தங்கம்."

அவள் சொல்லவில்லை. மேஜையில் கிடந்த ஹெட்போன் சொன்னது. கிளிப்பிள்ளையின் குரலில் அல்ல. அவள் குரலில். அதே குரல் தொலைபேசிக்குள்ளும் கேட்டது.

"கதவைத் திற, கண்ணு. அம்மா வெளியதான் நிக்கறேன்."

தொலைபேசியில் வீட்டுத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. வாண்டு துள்ளினாள். "ஐ! சீக்கிரமே வந்துட்டியே!"

அங்கே கதவு மெதுவாக மூடிக்கொண்டது.

அதற்குமேல் எந்தத் தாயால் வாயைப் பொத்திக்கொண்டிருக்க முடியும்? "வாண்டு! நான்தான்டி உன் அம்மா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"வாண்டு, நான்தான்டி உன் அம்மா" என்று அங்கே அவள் குரலிலேயே திருப்பிச் சொன்னது அது. இந்தத் தடவை ஓர் எழுத்துகூட மாறவில்லை.

வாண்டு சிரித்தாள். அப்புறம் தொலைபேசியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவளிடம் கேட்டாள்.

"யாரோ ஒரு ஆன்ட்டி ஃபோன்ல அழறாங்கம்மா. வச்சிடட்டா?"

"வச்சிடு, கண்ணு."