எட்டாவது கோப்பின் விடை

"நான் காப்பி அடிக்கல்ல சாரே. நாளைக்குள்ள தெளிவிக்கலேன்னா வேலை போயிரும்," என்றாள் ஷிஜா. தம்பானூர் துப்பறியும் அலுவலகத்தின் படிகளை ஓடி ஏறிய மூச்சிரைப்பு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

துப்பறிவாளர் தாணுமாலையன் தம் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினார். அவருடைய உதவியாளர் தங்கபாய், ஓய்வுபெற்ற நர்ஸ், அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டார்.

ஷிஜா வேலை பார்ப்பது ஒரு மருந்து ஆய்வு நிறுவனத்தில். ஒரே ஆளுக்குப் பழைய மாத்திரையையும் புதிய மாத்திரையையும் மாற்றி மாற்றி இரண்டு தடவை கொடுத்து, இரண்டும் ரத்தத்தில் ஒரே அளவு சேருகிறதா என்று பார்ப்பார்கள். பழையது நூறு என்றால் புதியது எவ்வளவு என்பதே விடை. அதைக் கணக்கிட அவள் தனியாளாக ஒரு புரோகிராம் எழுதினாள். அதைச் சோதிக்க மேலாளர் ஷைஜு, இல்லாத ஆட்களைக் கணினியில் கற்பனையாக உண்டாக்கி, எட்டுக் கோப்புகளும் ஒரு விடைத்தாளும் தயாரித்தார். ஏழு விடைகள் தசமம்வரை பொருந்தின. எட்டாவதில் விடைத்தாள் 125 என்றது. புரோகிராம் 80 என்றது. எட்டாவது விடையைத் தாம் கடைசி நாளில்தான் சேர்த்ததாகவும், மற்ற ஏழையும் ஷிஜா அதற்கு முன்பே விடைத்தாளைப் பார்த்து எழுதிவிட்டதாகவும் ஷைஜு முடிவு கட்டிவிட்டார்.

"அந்த ஷைஜுதான் வேணும்னே மாத்தியிருப்பான்!" என்றார் தங்கபாய்.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, தங்கபாய். முதல்ல அவரைக் கேப்போம்."

மறுநாள் காலை ஷைஜுவின் அறையில் நால்வரும் உட்கார்ந்தார்கள்.

"எட்டாவது ஃபைலை எப்படி உண்டாக்கினீங்க?" என்று கேட்டார் தாணுமாலையன்.

"கொஞ்சம் வித்தியாசமா சாரே. புது மாத்திரை ரத்தத்தில கொறவாச் சேரும்படி வச்சேன். பழசை மொதல்ல தின்னவங்களை லிஸ்டுல மேல போட்டேன். மத்த ஏழிலயும் புதுசை மொதல்ல தின்னவங்கதான் மேல."

"கொறவுன்னா விடை நூறுக்குக் கீழேல்லா வரணும்?"

ஷைஜு விடைத்தாளை இழுத்து எட்டாவது வரியைப் பார்த்தார்.

"நூறுக்கு எண்பது. தலைகீழாப் பிடிச்சா, எண்பதுக்கு நூறு. அதாவது நூறுக்கு நூத்தி இருபத்தஞ்சு. ஏழு ஃபைலோட பழக்கத்தில, முதல்ல வந்ததைப் புதுசுன்னு எடுத்து விடை போட்டுட்டீங்க. இவ புரோகிராம் மாத்திரையோட பேரைப் பார்த்தது, இடத்தைப் பார்க்கல்ல. உண்டாக்கின நீங்களே தப்பு விட்ட ஃபைல்ல சரியாச் சொன்ன புரோகிராமுக்கு, மத்த ஏழைத் திருட என்ன தேவை?"

ஷைஜு எழுந்து நின்றார். "தெத்து என்னோடதுதான் ஷிஜா. மன்னிக்கணும். இப்பமே திருத்துறேன்."

"திருத்துங்க சாரே," என்றாள் ஷிஜா. "ஆனா அந்தப் பழைய தாளை அழிக்கண்டாம். இனி யாராவது பார்த்து எழுதினா, அந்த 125 காட்டிக் கொடுக்கும்."

தங்கபாய் கை தட்டியேவிட்டார். ஷைஜு புதிய விடைத்தாளின் தலைப்பில் தம் கையாலேயே ‘திருத்தியவர்: ஷிஜா’ என்று டைப் அடித்தார். அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். பெருமையாக இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.